இரண்டை எங்கே போடுவது?
தமிழ்க் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிகளின் தலைவர்களுக்கும் மத்திய குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இதை எழுதுவது வேண்டுமென்றுதான். தேர்தல் கிட்ட வந்துவிட்டால் உங்களுக்குக் கடிதம் வாசிக்க நேரம் இருக்காது. ஊடகச் சந்திப்பு, மறுப்பறிக்கை, மறுப்புக்கு மறுப்பு என்று ஓடித் திரிவீர்கள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வர வேண்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1994இல் சந்திரிகாவும் அதைத்தான் சொன்னார். ஆகவே தேர்தல் வரும் என்றே வைத்துக்கொள்வோம். அதில் எங்கள் வாக்கை, முக்கியமாக இரண்டாம் விருப்பு வாக்கை, என்ன செய்வது என்பது பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எந்தக் கட்சியிலும் இல்லை. வலிகாமத்தில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவன். தேர்தல் உத்தி பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

2005 நவம்பர் 17ஆம் திகதியிலிருந்து தொடங்குகிறேன். காலை ஏழு மணிக்கு முன் வாக்குப்பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கட்சி முகவர்களுக்குக் காட்டவேண்டும். அன்றைக்குக் காட்டுவதற்கு ஒரு முகவர்கூட வரவில்லை. கடமைக்கு வந்த பொலிஸ்காரருக்கும் எங்கள் எழுதுவினைஞருக்கும் காட்டிவிட்டுப் பூட்டி முத்திரை வைத்தேன். மைப் போத்தலைத் திறந்து வைத்தோம், வாக்காளர் இடாப்பை விரித்து வைத்தோம், தேத்தண்ணி குடித்தோம். பத்து மணிக்கு மேல் ஒரு வயதானவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைவரை வந்தார். வாக்காளர் அட்டை சேர்ட் பொக்கற்றுக்குள் இருந்தது, வெளியே நீட்டிக்கொண்டு.

“ஒருத்தரும் வரேல்லையோ மாஸ்டர்?”

“இல்லை ஐயா.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்று மண்டபத்தைப் பார்த்தார். “அப்ப நான் வந்தது தெரிஞ்சுபோயிடும்” என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பின்னேரம் நான்கு மணிக்குப் பெட்டியின் வாயை அடைத்து முத்திரை வைத்தபோது அதன் பாரம் காலையில் இருந்த அதே பாரம்தான்.

யாழ்ப்பாண மாவட்ட இடாப்பில் அன்று 701,938 பேர். விழுந்த வாக்குகள் 8,524. நூற்றுக்கு 1.21. வெளிநாட்டுக்குப் போனவர்களும் செத்தவர்களும் அந்த இடாப்பில் நிறைய இருந்தார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவைத் தாண்டியது 180,786 வாக்குகளால். பாதிக்கு மேல் எடுக்கவேண்டும் என்ற விதியைத் தாண்டியது ஏறத்தாழ 28,600 வாக்குகளால். தமிழருக்கு இந்தத் தேர்தலில் அக்கறை இல்லை என்று புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சொன்னபோது, அதுவும் ஓர் உத்திதான், கடும்போக்கானவர் வந்தால் உலகம் உண்மையைக் காணும் என்று எங்கள் ஊரில் சிலர் விளக்கம் தந்தார்கள். நான்கு வருடத்துக்குள் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

அந்தச் சைக்கிள்காரரை நான் மறக்காததற்கு ஒரு காரணம் உண்டு. உத்தி வேறு யாருடையதோ, அதன் ஆபத்து முழுவதும் அவர் தலையில். வந்தாலும் அவருக்கு ஆபத்து, வராவிட்டாலும் அவருக்கு நட்டம். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் நீங்கள் செய்ததை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

தெற்கைப் பாருங்கள். அங்கே ஜனாதிபதித் தேர்தல் என்பது ஒரு சூதாட்டம், ஆனால் ஆடுபவர் சொந்தப் பணத்தை வைத்துத்தான் ஆடுகிறார். 1982இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன முதலில் பலகையையே தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். முன்னாள் பிரதமர் சிறிமாவோ தேர்தலில் நிற்க முடியாதபடி அவருடைய குடியியல் உரிமைகளை 1980இல் பறித்தாயிற்று. முதல் நான்கு வருடம் முடிந்ததும் முன்கூட்டியே தேர்தல் வைக்கலாம் என்று அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டு களத்தில் இறங்கினார். (யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலில் குமார் பொன்னம்பலம் முதலிடம், கொப்பேகடுவ இரண்டாமிடம், ஜே.ஆருக்கு மூன்றாமிடம். சிறிமாவோவின் கட்சிக்காரருக்கு எங்கள் ஆட்கள் போட்டதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதி இல்லாத காலத்தில் வெங்காயத்திலும் மிளகாயிலும் கண்ட காசைக் கமக்காரர் மறக்கவில்லை.)

சந்திரிகா 1999இல் ஒரு வருடம் முந்தித் தேர்தல் வைத்தார், குண்டுவெடிப்பில் ஒரு கண் பார்வையை இழந்தார், வென்றார். முந்தி வைத்ததால் விட்ட அந்த ஒரு வருடத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். 2005இல் உயர் நீதிமன்றம் முடியாது என்றது. மகிந்த 2010இல் இரண்டு வருடம் முந்திப் போய் 57.88 வீதம் எடுத்தார். சோதிடர் நாள் குறித்துக் கொடுக்க, அதே விளையாட்டை 2014 நவம்பரில் இரண்டாம் முறை ஆடினார். மைத்திரிபால சிறிசேன அப்போது அவருடைய சுகாதார அமைச்சர், கட்சியின் பொதுச் செயலாளர். முதல் நாள் இரவு அவரோடு இருந்து ஆப்பம் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் எதிர்ப்பக்கத்தின் பொது வேட்பாளராக வந்து நின்றார். தோற்றிருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவரே சொன்னார். நல்ல ஆட்சி நடத்தினாரா என்பது வேறு கதை. அன்று அந்த மனிதர் வைத்தது தன் தலையை.

ஆபத்தை எடுக்காமல் விட்டதற்கும் அங்கே உதாரணம் உண்டு. 2022 மே மாதம் நாடு எரிந்துகொண்டிருந்தபோது பிரதமர் பதவியை எடுக்கச் சொல்லி எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவைக் கேட்டார்கள். அவர் நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் ஆசனம், அதுவும் தேசியப்பட்டியல் ஆசனம், வைத்திருந்த ரணில் போய் எடுத்தார். இரண்டு மாதத்தில் ஜனாதிபதி. அநுர குமார திசாநாயக்கவின் விளையாட்டு இன்னொரு மாதிரி. 2019இல் 3.16 வீதம் எடுத்துவிட்டு, யாருடனும் கூட்டுச் சேராமல் தனியாகவே நின்றார். 2024இல் 42.31 வீதம். இடையில் பொருளாதாரம் கவிழ்ந்து ஜனாதிபதி கோத்தாபய நாட்டை விட்டு ஓடியிருக்காவிட்டால் இது நடந்திருக்குமோ என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் மழை வரும்போது வயல் உழுதிருந்தது அவர் ஒருவரிடம்தான்.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம்.

2010இல் சரத் பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னீர்கள். போர் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் போரை நடத்திய தளபதியின் அன்னச் சின்னத்துக்குப் புள்ளடி போடச் சொல்லி, முகாமிலிருந்து வந்த சனத்திடம் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று நீங்கள் யோசித்தீர்களோ தெரியாது. சனம் யோசித்தது. யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் வந்தார். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நீங்கள் சொன்னபடியே போட்டார்கள். தெற்கில் அதே ஆதரவை, கூட்டமைப்புத் தலைவர் “சம்பந்தனோடு இரகசிய ஒப்பந்தம்” என்று திருப்பிப் போட்டுப் பொன்சேகாவை அடித்தார்கள். ஆகவே முந்தி அறிவித்தாலும் ஆபத்து என்று நீங்கள் படித்தீர்கள். அது சரியான பாடம், அதை நான் மறுக்கவில்லை.

அந்தப் பாடத்தை வைத்துத்தான் 2015இல் சம்பந்தன் ஐயா கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்தார். டிசம்பர் 30ஆம் திகதிதான் மைத்திரிக்கு ஆதரவு என்று கூட்டமைப்பு அறிவித்தது, ஜனவரி 8 வாக்களிப்பு. நான் தேர்தல் கடமைக்குப் போகிறவன் என்பதால் தபாலில் வாக்களிப்பவன். அறிவிப்பு வந்தபோது என் வாக்குச்சீட்டு உறைக்குள் போய் ஒட்டியாகிவிட்டது. எனக்கு அதில் கோபமில்லை. மகிந்த யாழ்ப்பாணத்துக்கு வந்து, தெரியாத தேவதையை விடத் தெரிந்த பேய் நல்லது என்று சொன்ன தேர்தல் அது. யாருக்குப் போடவேண்டும் என்று சனத்துக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. மைத்திரி வென்றது 449,072 வாக்குகளால். வடக்கு கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் அவருக்குக் கிடைத்த முன்னிலை மட்டுமே அதைவிடப் பெரியது. உங்கள் உத்திகளில் பலித்தது அது ஒன்றுதான். பலித்த பிறகு அந்த வாக்குக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், புதிய அரசியலமைப்பை எழுத அமைத்த சபை, அதன் இடைக்கால அறிக்கை என்று நீங்கள் ஒரு மணித்தியாலம் கதைப்பீர்கள். கடைசியில் கையில் ஒன்றும் இல்லை.

2019இல் பல்கலைக்கழக மாணவர்கள் முயன்று உங்களில் ஐந்து கட்சிகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று கோரிக்கைகளில் கையெழுத்து வைத்தீர்கள். பெரிய வேட்பாளர் ஒருவரும் அதை ஏற்கவில்லை. பிறகு கூட்டமைப்பு சஜித்தை ஆதரித்தது. யாழ்ப்பாணம் அவருக்கு 83.86 வீதம் கொடுத்தது, கோத்தாபய சிங்கள வாக்குகளை மட்டும் கணக்குப் போட்டு வென்றார், அனுராதபுரத்தில் பதவியேற்றபோது அதைச் சொல்லியும் காட்டினார். கோரிக்கை வைப்பவர், தராவிட்டால் என்ன செய்வேன் என்பதற்கு ஒரு பதில் வைத்திருக்கவேண்டும். மீன் சந்தையில் விலை பேசுகிற பெண்ணுக்குக்கூட அது தெரியும். விலை படியாவிட்டால் இரண்டடி நடந்து காட்டுவாள். உங்களால் நடக்க முடியாது என்பது மறுபக்கத்துக்குத் தெரிந்திருந்தது.

2024தான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம்.

தமிழ்ப் பொது வேட்பாளர் என்ற யோசனையை நான் எதிர்த்தவன் அல்ல. பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார், “நமக்காக நாம்” என்றார். அவருடைய சொந்தக் கட்சியான தமிழரசுக் கட்சியே அவரிடம் விளக்கம் கேட்டது. அந்தத் தேர்தலில் எங்கள் பக்கத்தில் சொந்தத் தலையைக் கொடுத்து நின்றவர் அவர் ஒருவர்தான், அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அந்த மாதம் என்ன நடந்தது தெரியுமா? தமிழரசுக் கட்சியின் மத்திய குழு வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்றது செப்டம்பர் முதலாம் திகதி. தபால் வாக்களிப்பு நான்காம் திகதி தொடங்குகிறது. அதே கட்சியின் இன்னொரு பெரியவர் சங்குக்குப் பிரசாரம் செய்கிறார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி பகிஷ்கரிக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறது. ஒரே கிழமையில் ஒரே படலைக்கு மூன்று தமிழ்க் கட்டளைகள்.

வாக்களிப்புக்கு இரண்டு நாள் முந்தி என் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் கனடாவில். வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று கேட்டார். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் முப்பத்தொன்பது கோடு இழுத்துக் காட்டினேன். முப்பத்தொன்பது பெயர், அதில் ஒருவர் இடையில் இறந்தும்போனார், பெயர் மட்டும் சீட்டில் இருந்தது. புள்ளடி போடலாம், அல்லது 1, 2, 3 என்று இலக்கம் போடலாம் என்றேன். ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விழுந்துவிடுவார்கள், விழுந்தவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கு 2 அல்லது 3 போட்டிருந்தால் அதைச் சேர்த்து எண்ணுவார்கள் என்று விளக்கினேன். வகுப்பில் படிப்பிப்பதைவிடக் கடினமாக இருந்தது. அக்கா பேனையை வாங்கிச் சங்குக்கு நேரே 1 போட்டார். பிறகு பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப இரண்டை எங்கே போடுறது தம்பி? எங்கட ஆக்கள் என்ன சொல்லுகினம்?”

எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒருவரும் அதைப்பற்றி ஒரு வசனம் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் வேலையில்லை என்று நினைத்தேன், இப்போது அதில் எனக்கு வெட்கம் உண்டு.

செப்டம்பர் 22ஆம் திகதி, இந்த நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கும் சஜித்துக்கும் வித்தியாசம் 1,271,880. விழுந்த வேட்பாளர்களின் செல்லுபடியான வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அந்த இருவருக்கும் சேர்ந்தது எவ்வளவு? அநுரவுக்கு 105,264. சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் மூன்று இலட்சம் இல்லை. மிச்சம் முப்பது இலட்சம் சீட்டுகள் மேசையில் சும்மா கிடந்தன. தெற்கிலும் ஒருவரும் எங்களுக்கு இரண்டாவதைத் தாருங்கள் என்று உரத்துக் கேட்கவில்லை. கேட்டால், தான் முதலாவதாக வரமாட்டேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

எங்களுக்கு அந்தப் பயம் எதற்கு? எங்கள் வேட்பாளர் வெல்லமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியும். சங்குக்கு விழுந்தது 226,343 வாக்குகள். அது வெற்றியா தோல்வியா என்று இன்றுவரை சொல்லமுடியவில்லை, ஏனென்றால் எத்தனை எடுத்தால் வெற்றி என்று முன்பே எங்கள் பக்கம் வந்து ஒருவரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் சஜித் 121,177, சங்கு 116,688, ரணில் 84,558. அநுர அப்போது 27,086. இரண்டு மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய கட்சிக்கு 80,830 வாக்குகளும் ஆறில் மூன்று ஆசனங்களும். அடுத்த வருடம் உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் ஓரளவு திரும்பி நிமிர்ந்தது. அதைக் காட்டி எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது என்று நீங்கள் உங்களைத் தேற்றிக்கொள்வது எனக்குக் கேட்கிறது.

ஆகவே என் கேள்வி அக்காவின் கேள்விதான். 2029இல் இரண்டை எங்கே போடுவது?

இதை வைத்து உங்களால் பேரம் பேசமுடியும். ஒன்றை எங்கள் ஆளுக்குப் போடுவோம், இரண்டு யாருக்கு என்பது தெற்கு வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மீன் சந்தையில் இரண்டடி நடந்து காட்டுவது என்றேனே, அது இதுதான். பொன்சேகாவுக்கு நடந்தது இதிலும் நடக்கலாம், இரகசிய ஒப்பந்தம் என்று தெற்கில் மேளம் அடிப்பார்கள். அதனால் இரகசியமே வேண்டாம். பெரிய கோரிக்கையும் வேண்டாம். பதின்மூன்றை எழுதாமல் இரண்டே எழுதுங்கள், தெற்கில் ஒரு சிங்களத் தாய் கேட்டாலும் அநியாயம் என்று சொல்ல முடியாத இரண்டு. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. வலிகாமம் வடக்கில் சொந்தக் காணிக்குள் போகமுடியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இப்படி ஒன்று, அப்படி ஒன்று. திகதியோடு.

இது பிழைக்கவும் கூடும். ஒருவருமே வாங்க வராமல் போகலாம். முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் இரண்டை எண்ணவே மாட்டார்கள், 2024க்கு முந்திய எட்டுத் தேர்தலிலும் அப்படித்தான் முடிந்தது. அதனால்தான் இன்னொன்றும் கேட்கிறேன், இது உங்களுக்குக் கசக்கும். எத்தனை வாக்கு, எத்தனை வீதம் என்று இலக்கை முன்பே எழுதி வையுங்கள். அதை எட்டாவிட்டால் இந்த முடிவை எடுத்த தலைவர் பதவியை விடவேண்டும். சிறிசேன தலையை வைத்தார், மகிந்த இரண்டு வருடப் பதவிக்காலத்தை வைத்தார், இரண்டாம் தடவை அதை இழந்தும் போனார். நீங்கள் ஒரு கட்சிக் கதிரையை வைத்தால் போதும்.

அறிவிப்பைக் கடைசியில் வெளியிடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. 2015இல் அது புத்திசாலித்தனம். கடைசியில் அறிவிப்பது வேறு, கடைசியில் யோசிப்பது வேறு. உங்கள் மத்திய குழு 2028இலேயே உள்ளுக்குள் சண்டைபிடித்து முடித்துவிடட்டும். தபால் வாக்கு தொடங்குவதற்கு இரண்டு கிழமை முந்தியாவது ஒரு குரலில் வெளியே வாருங்கள். ஆசிரியர்மார், தாதிமார், கிராம சேவகர்கள், பொலிசில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தபால் வாக்கு நாட்களில்தான் போடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒருவரை அனுப்புங்கள். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். கோடு போட்ட ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.

அந்த நாட்காட்டித் தாள் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. முப்பத்தொன்பது கோடு, சங்குக்கு நேரே ஒரு 1, அதற்குக் கீழே பேனை முனை பட்டு நின்ற ஒரு சின்ன நீலப் புள்ளி. அக்காவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. 2029இலும் வாக்குப் போடவேண்டும் என்று நிற்கிறார். கனடாவுக்குப் போக மாட்டாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வலிகாமம்.